ஸ்டியரிங் காலம் (column, ஸ்டியரிங் வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டும் அதன் உறையும்) ஆடிய அனுபவம் யாருக்காவது உண்டா?

மினி_ஈசூன்:
வண்டி 1978 மினி 1000 கார். இண்டிகேட்டர் சுவிட்ச் மாற்ற ஒரு பட்டறையில் விட்டிருந்தேன், பெயர் வேண்டாம். வண்டியை எடுத்த வாரமே ஓல்ட் அப்பர் தாம்சன் ரோட்டுப் பக்கம் போனோம். 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ கார் பந்தயம் நடந்த பாதை. இப்போது குரங்குகளுக்குப் பயந்து ஊர்ந்துதான் போக வேண்டும், அதனால்தான் தப்பித்தோம்.

வளைவில் ஸ்டியரிங் அப்படியே மடியில் இறங்கியது. கழன்று வரவில்லை, இறங்கியது. விளிம்பு முட்டியில் இடிக்கிறது, ஆனால் திருப்பினால் சக்கரமும் திரும்புகிறது! பக்கத்தில் மனைவி மீன் தலைக் கறி சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கையில் முழுதாக வந்திருந்தால்கூட இவ்வளவு உதறியிருக்காது.

நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால், டாஷ்போர்டில் சாமான் வைக்கும் பார்சல் ஷெல்ஃபுக்கு அடியில் காலத்தைப் பிடிக்கும் கிளிப் வாயைத் திறந்து தொங்குகிறது. போல்ட் கால்மிதியில் கிடந்தது. நட்டைக் காணவே காணோம். சுவிட்சுக்காகக் கழற்றியவர்கள் விரலால் திருகியதோடு விட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு வந்த பதில்: “பழைய வண்டி சார், அப்படித்தான்.” அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் ஆறவில்லை.

வண்டு_வாசு:
என் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் முதலில் போனது ஹார்ன். அதற்கும் ஸ்டியரிங்குக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அப்புறம் நேராகப் போகும்போதே ஆட்டம் தெரிந்தது. பார்த்த இடத்தில் ஸ்டியரிங் பாக்ஸையே (காலம் திரும்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சின் மிங் பக்கம் ஒரு சீன அங்கிள். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னை ஸ்டியரிங்கை லேசாக இடம் வலம் ஆட்டச் சொன்னார். “நீயே வந்து பார்” என்று டார்ச்சைக் கொடுத்துவிட்டு அவர் போய் ஆட்டினார். காலத்தையும் பாக்ஸையும் இணைக்கும் அந்த ரப்பர் வட்டு இருக்கிறதே, மேல் பாதி திரும்புகிறது, கீழ்ப் பாதி சும்மா இருக்கிறது. நடுவில் ரப்பர் வாய் பிளந்து மூடுகிறது. இதை நம்பித்தான் பிஐஈ விரைவுச்சாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஹார்னின் எர்த் வயர் அந்த வட்டைத் தாண்டித்தான் போகிறது. அது அறுந்ததுதான் முதல் அறிகுறி.

பட்டறைப்_பித்தன்:
என் மொரிஸ் மைனரிலும் கொஞ்சம் ஆட்டம் இருந்தது, காலத்தின் உள்ளே தண்டை ஆடாமல் பிடிக்கும் புஷ்ஷை மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் மினி அண்ணே, மேல் கிளிப்போடு விட்டுவிடாதீர்கள். கீழே காலம் ரேக்கின் (சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) பினியனில், அதாவது அதை நகர்த்தும் சின்னப் பல்சக்கரத்தின் தண்டில், உட்காரும் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் ஒரு பிஞ்ச் போல்ட் உண்டு. அது பினியனில் உள்ள பள்ளத்தின் வழியாகப் போகிறது. அதனால் போல்ட் தளர்ந்தாலும் அது துளையில் இருக்கும்வரை காலம் மேலே கழன்று வராது. உங்கள் உயிரைக் காப்பாற்றியது அதுதான். அதையும் பாருங்கள், பற்கள் தேய்ந்திருக்கலாம்.

பொதுவாகச் சொல்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆடுகிறதா, புஷ்ஷோ பிராக்கெட்டோதான். திருப்பும்போது மட்டும் சும்மா சுற்றுகிறதா, அது கீழே: கப்ளிங் (வாசு சொன்ன ரப்பர் வட்டு மாதிரி), ரேக் அல்லது பாக்ஸ், சக்கரத்தை இழுக்கும் டை ராட்டின் முனை. சக்கரம் தரையில் இருக்கும்போதே பார்க்க வேண்டும், ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுப் பார்த்தால் பாதி ஆட்டம் ஒளிந்துகொள்ளும். ஸ்டியரிங் வீலைக் கழற்றும் முன் தண்டில் ஒரு குறி போடுங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள், இழுத்துக் கழற்றும் புல்லர் கருவியைப் போடுங்கள். விபத்தில் உள்ளே மடங்கும் வகைக் காலமாக இருந்தால், ஓர் அடியிலேயே உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பின்கள் முறிந்துவிடும். பிராக்கெட்டோடு சேர்த்து வெல்டு வைக்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் பட்டறைக்கு மறுபடி போகவே வேண்டாம்.

பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் ஓடும் வண்டியை ரோட்டில் எடுக்க வருஷத்துக்கு 45 நாள்தான், அதற்கு என்ன தேய்மானம் என்று கேட்பார்கள். நம் ஊர் ஈரத்தில் நின்றுகொண்டே இருப்பதுதான் ரப்பருக்கும் புஷ்ஷில் இருக்கும் ஃபெல்டு (கம்பளித் துணி) வளையத்துக்கும் எமன்.

120ஒய்_ரவி:
பித்தன் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, எனக்கு நடந்தது அதுதான். டாட்சன் 120ஒய். காலம் ஆடுகிறது என்றுதான் போனேன். அவர்கள் பாக்ஸில் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்குரூவைப் பிடித்து முறுக்கிவிட்டார்கள். ஆட்டம் போனது உண்மை. மண்டாய் ரோட்டில் திரும்பி வெளியே வரும்போது கையைத் தளர்த்தினேன், ஸ்டியரிங் தானாக நேராகவில்லை. திரும்பிய நிலையிலேயே நிற்கிறது. எதிரே லாரி. இழுத்துத்தான் நேராக்கினேன். பாக்ஸ் அளவுக்கு மேல் இறுகினால் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். காலத்தின் ஆட்டத்துக்கும் அந்த ஸ்குரூவுக்கும் சம்பந்தமே இல்லை. இப்படி ஒரு தளர்ச்சியை வேறு இடத்தில் இறுக்கி மறைப்பதைவிட நட்டு போடாமல் விட்டவர்களே தேவலை.

மினி_ஈசூன்:
தேவலையா? உங்கள் மடியில் இறங்கியிருந்தால் தெரியும் ரவி.
பித்தன் அண்ணே, நான் யோசனை கேட்கவில்லை, ஆனாலும் பிஞ்ச் போல்டைப் போய்ப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது. கிளிப்புக்குப் புது போல்ட், தானாகத் தளராத நைலாக் நட்டு போட்டாயிற்று. புஷ்தான் மெலிந்துவிட்டது. நைலானில் கடைந்து போடலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

பட்டறைப்_பித்தன்:
நைலான் வேண்டாம்! பழைய ஃபெல்டே போதும். கிராஃபைட் எண்ணெயில் ஊறப் போட்டு மாட்டுங்கள். என் மைனரில் சத்தமே இல்லை.

வண்டு_வாசு:
நைலான் போட்ட நண்பர் வண்டியும் நன்றாகத்தான் ஓடுகிறது, பித்தன். அது இருக்கட்டும், புது ரப்பர் வட்டு மாட்டிய பிறகும் என் ஹார்ன் இடது பக்கம் திருப்பும்போது மட்டும் அடிப்பதில்லை. வயர் நீளம் போதவில்லையோ?