புதுப்பிப்பு: சமூக வளர்ச்சிக்குத் தனித் துறை வேண்டுமா?

முந்தைய இழையில் கேட்டது இதுதான்: உள்ளாட்சி அமைப்புகள் சமூக வளர்ச்சிக்கென்று தனித் துறை தொடங்க வேண்டுமா, எல்லாத் துறைகளும் சேர்ந்து அந்தப் பொறுப்பைச் சுமக்க வேண்டுமா? பலரும் தனித் துறைதான் என்றீர்கள்.

பதில்களையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது, பணத்தைப் பற்றிய முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதுதான் முதல் கேள்வி. கேரளத்தில் 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. கிராம சபையில் பேசிய தேவைகள் வளர்ச்சிக் கருத்தரங்குக்குப் போயின. பிறகு பணிக்குழுக்கள் அவற்றைத் திட்டங்களாக எழுதின. அந்தக் குழுக்களில் அலுவலர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர்கள் உள்ளிட்ட தன்னார்வலர்கள் திட்டங்களைச் சரிபார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் சிறிய ஊராட்சிகளிடம் இல்லாதது பெரும்பாலும் இந்தத் தொழில்நுட்பக் கைதான். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989-ல் வந்த பங்கேற்பு பட்ஜெட்டும் (நகரின் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை மக்களும் சேர்ந்து முடிவு செய்யும் முறை) பகுதிவாரிக் கூட்டங்களில் இருந்துதான் தொடங்கியது.

களப்பணியாளர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். மக்களின் குறையை எடுத்துச் சொன்னதற்காக அந்தப் பணியாளர் இடமாற்றம் செய்யப்படக் கூடாது. அந்தப் பாதுகாப்பு, விதியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.