மொரிஸ் மைனருக்கு ஃபொக் லைற்: சுவிச்சிலிருந்தா, ரிலே போட்டா?

சீனக்குடா_மைனர்:
என்னுடையது 1965 மொரிஸ் மைனர். சார்ஜ் தரும் டைனமோவும் பொசிற்றிவ் ஏர்த்தும் (பற்றரியின் பொசிற்றிவ் முனை போடியோடு சேர்ந்திருப்பது) மாற்றாமல் அப்படியே இருக்கின்றன. முன் பம்பரில் 55 வாட் ஃபொக் லைற் இரண்டு பூட்ட வேண்டும். மார்கழி, தையில் விடியுமுன் ஏ6 வீதியால் கிளம்பினால் கந்தளாய்ப் பக்கம் மூட்டம். நுவரெலியாவுக்குப் போனால் சொல்லவே வேண்டாம். டவுனில் வயரிங் செய்பவர், ஹெட்லைற் சுவிச்சிலிருந்தே ஒரு வயர் இழுத்தால் போதும் என்கிறார். சரிதானா?

நிலாவெளி_வயர்:
வேண்டாம் தம்பி. 110 வாட் என்றால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல். அந்தப் பழைய சுவிச் ஏற்கனவே ஹெட்லைற்றைச் சுமக்கிறது, அந்த வழியில் பியூஸும் கிடையாது. கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் புல்லட் கனெக்டர் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பு ரப்பருக்குள் பித்தளை பச்சை பிடித்திருக்கும், வயரின் செம்பு கறுத்திருக்கும். கடற்காற்றில் நிற்கிற கார் அல்லவா. இப்படி வழிநெடுகச் சேரும் தடை 0.1 ஓம் என்று வைத்தாலே 0.9 வோல்ட் அங்கேயே போய்விடும். ஹலஜன் பல்ப்பில் வோல்டேஜ் இறங்குவதைவிட வெளிச்சம் வேகமாக இறங்கும். அந்த 0.9 வோல்ட்டுக்குக் கிட்டத்தட்டக் கால்வாசி வெளிச்சம் காணாமல் போகும்.

ரிலே போடுங்கள். சுவிச்சின் சிறு கரண்டில் இயங்கி, லைற்றின் பெரிய கரண்டைத் தனி வழியால் கொடுக்கும் மின்காந்தச் சுவிச் அது. பற்றரியிலிருந்து நேரே 2 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றரிக்குக் கிட்டவே 15 ஆம்பியர் பியூஸ். ஏர்த்துக்கும் தனி வயர் இழுங்கள், துருப்பிடித்த பம்பர் போல்ட்டை நம்பாதீர்கள்.

உவர்மலை:
ரிலே கரண்டை உண்டாக்காது. எல்லோரும் வயரைப் பற்றியே பேசுகிறீர்கள், டைனமோவை யாரும் நினைப்பதில்லை. உங்கள் லூக்காஸ் சி40 டைனமோ நல்ல நிலையில் தருவது 22 ஆம்பியர், அதுவும் கார் ஓடுகிற வேகத்தில். சைட், ரெயில் லைற்றுக்கு 2 ஆம்பியர். டிப் லைற் 45 வாட் இரண்டுக்கு 7.5. இக்னிஷனுக்கு மூன்றரை அளவு, வைப்பருக்கு இரண்டரை அளவு. ஆக 15.5 போய்விட்டது. அதற்கு மேல் உங்கள் 9 ஆம்பியர். மூட்டத்தில் யார் ஐம்பது மைலில் ஓடப் போகிறார்கள்? ஊர்ந்து போகும்போது டாஷ்போர்டில் இருக்கும் சிவப்புச் சார்ஜ் லைற் மினுங்கத் தொடங்கினால், முழுச் சுமையும் பற்றரியின் தலையில்தான். அறுபது வருடம் நின்று பிடித்த காரை இப்படி வதைக்க வேண்டாம்.

நிலாவெளி_வயர்:
கணக்கு சரி அண்ணன். ஆனால் மூட்டத்துக்குள் டிப் லைற்றை ஏன் எரிக்க வேண்டும்? அது வெள்ளைச் சுவராக உங்கள் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். சைட் லைற்றும் ஃபொக்கும் மட்டும் எரியட்டும். ரிலேயின் சுவிச் வயரை சைட் லைற்றின் சிவப்பு வயரிலிருந்து எடுத்தால் மொத்தம் 17 ஆம்பியர் அளவில் நிற்கும்.

கந்தளாய்க்காரன்:
நான் அந்த வீதியிலேயே இருப்பவன். இந்த யோசனையை நான் ஏற்கவே மாட்டேன். எங்கள் பக்க மூட்டம் நுவரெலியா மாதிரி மலை முழுக்க மூடுவதில்லை. குளத்துக்கு அண்மையில் ஒரு துண்டு இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. அந்த வளைவில் யானை நிற்கும். ஃபொக் லைற்றின் ஒளி தாழ்ந்து, அகன்று, கிட்டத்தில் விழுவது. வீதிக்கரையின் வெள்ளைக் கோடு தெரியும், அப்பால் இருட்டில் நிற்கும் கறுத்த உடம்பு தெரியாது. டிப் லைற் எரிய வேண்டும். எதிரே வரும் லொறிக்காரனும் உங்களைத் தூரத்திலேயே பார்க்க வேண்டுமே.

உவர்மலை:
அதைத்தான் சொல்கிறேன். டிப்பும் எரியத்தான் வேண்டும் என்றால் 24.5 ஆம்பியர். டைனமோ தாங்காது.

சீனக்குடா_மைனர்:
அப்படியானால் எல்.ஈ.டி போடலாமா? சுமை குறையுமே.

நிலாவெளி_வயர்:
குறையும். ஆனால் உங்கள் காரில் போடிதான் பொசிற்றிவ். எல்.ஈ.டி லைற்றை வயர் மாற்றிக் கொடுத்து எரிய வைக்கலாம், அது பிரச்சினை இல்லை. சில லைற்களில் அலுமினியக் கூடு உள்ளே நெகற்றிவ்வோடு சேர்ந்திருக்கும். பம்பரில் பூட்டி முறுக்கிய கணமே ஷோர்ட். ஹலஜனுக்கு இந்தத் தலையிடி இல்லை, எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும்.

உவர்மலை:
எச்3 பல்ப்பில் 35 வாட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் 6 ஆம்பியருக்குள். டிப்போடு சேர்த்தாலும் 22 தாண்டாது. பூட்டத்தான் வேண்டும் என்றால் இதைப் பூட்டுங்கள். மஞ்சள் கண்ணாடிக்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டாம். மூட்டத்தின் நீர்த்துளி பெரிது, எல்லா நிறத்தையும் ஒரேமாதிரித்தான் சிதறடிக்கும்.

இன்னொன்று, பற்றரியிலிருந்து நேரே லைன் எடுக்கச் சொன்னதையும் நான் மறுக்கிறேன். டைனமோவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் இருக்கும் உங்கள் ஆர்பி106 கண்ட்ரோல் பொக்ஸில் ஏ, ஏ1 என்று இரண்டு முனை இருக்கும். பற்றரி ஏ முனையில், லைற் எல்லாம் ஏ1 முனையில். பற்றரிப் பக்கம் சுமையைக் கொடுத்தால், ரெகுலேற்றர் அதைப் பற்றரிக்குப் போகும் சார்ஜ் என்று எடுத்துக்கொண்டு டைனமோவை அடக்கும். தேவைப்படும் நேரத்தில்தான் அடக்கும். மண்ணிறத்தில் நீலக்கோடு போட்ட வயர் வரும் ஏ1 முனையிலிருந்து எடுங்கள், பியூஸை அதன் பக்கத்திலேயே வையுங்கள்.

நிலாவெளி_வயர்:
டைனமோ கார் என்றால் ஏ1 சரி, அதில் வாதம் இல்லை. டிப் லைற் விஷயத்தில் என் பேச்சு மாறாது. நுவரெலியாவில் அதை அணைத்தால்தான் வீதி தெரியும். அதனால் ஃபொக்குக்குத் தனிச் சுவிச் வையுங்கள், சைட் லைற் வயருக்குப் பிறகு.

கந்தளாய்க்காரன்:
மலையில் அணையுங்கள். எங்கள் வீதியில் அணைக்காதீர்கள்.

சீனக்குடா_மைனர்:
சரி. 35 வாட், ஏ1, தனிச் சுவிச். ரிலே எது வாங்கினாலும் பரவாயில்லையா?

நிலாவெளி_வயர்:
பரவாயில்லை என்று வாங்க வேண்டாம். உள்ளே டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலே இருக்கிறது, மூடியில் கீறிய படத்தில் சிறு அம்புக்குறி தெரியும். ரிலேயின் சுருளுக்கு 85, 86 என்று இரண்டு முனை. வழக்கமாக 86ஐச் சுவிச்சுக்கும் 85ஐப் போடிக்கும் கொடுப்பார்கள். உங்கள் காரில் அப்படிக் கொடுத்தால் சுவிச்சைப் போட்டதும் டயோட் எரியும். டயோட் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 86ஐப் போடிக்கும் 85ஐச் சுவிச்சுக்கும் மாற்றிக் கொடுங்கள். வயரிங் செய்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.