‘புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்’: எதைப் பொறுத்துக்கொள்வது?

புது உதவியாளர்:
குரூப் 4 எழுதி இப்போதுதான் இளநிலை உதவியாளராக வேலையில் சேர்ந்திருக்கிறேன். ஒரு பட்டா மாறுதல் மனு என் சீட்டுக்கு வந்தது. ஓரத்தில் அதிகாரி பச்சை மையில் ‘புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்’ என்று எழுதியிருக்கிறார். அகராதியைப் பார்த்தால் ‘புட் அப் வித்’ என்பதற்குப் பொறுத்துக்கொள் என்று போட்டிருக்கிறது. பழைய காகிதங்களை நான் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? பக்கத்து சீட்டு அக்கா சிரிக்கிறாரே தவிர, சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:
தம்பி, ரெக்கார்டு ரூம் கட்டுகளைப் பிரித்தால் தூசியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவர் கேட்டது அது இல்லை. நம் அலுவலகங்களில் ‘புட் அப்’ என்றால் குறிப்பு எழுதி, கோப்பை ஆணைக்காக மேலே சமர்ப்பிப்பது. ‘வித்’ இங்கே வினைச்சொல்லோடு ஒட்டவில்லை, ‘ப்ரீவியஸ் பேப்பர்ஸ்’ பக்கம் சேர்கிறது. பழைய காகிதங்களோடு சேர்த்து வை என்கிறார், அவ்வளவுதான். இதே நிலத்துக்கு முன்பு வந்த மனு, அதன் மேல் போட்ட உத்தரவு, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) அறிக்கை எல்லாவற்றையும் தேடி எடுத்துக் கோப்பில் சேருங்கள். குறிப்பில் பக்க எண்ணைச் சுட்டுங்கள், இல்லாவிட்டால் கோப்பு உங்களிடமே திரும்பி வரும். அது சரி, உங்கள் சீட்டுக்கு வரும் தபால்களைப் பதியும் தன்பதிவேட்டில் மனுவை ஏற்றிவிட்டீர்களா?

சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு ‘இட்’ நுழைத்துப் பாருங்கள். ‘புட் இட் அப்’ என்று சொல்ல முடிந்தால் அது கோப்பு விவகாரம். பொறுத்துக்கொள்வதில் மூன்று சொல்லும் பிரியாது, ‘இட்’ கடைசியில்தான் வரும்: ‘ஐ புட் அப் வித் இட்’.

ஆங்கில ஆசிரியை:
ஐயா சொல்வது சரி. அந்த மூன்றையும் வலுக்கட்டாயமாகப் பிரித்தால் எவ்வளவு கோணலாகும் என்பதற்கு ‘அப் வித் விச் ஐ வில் நாட் புட்’ (‘நான் பொறுத்துக்கொள்ள மாட்டாதது’) என்று ஒரு கிண்டல் வாக்கியமே உண்டு. சர்ச்சில் சொன்னதாகச் சொல்வார்கள், ஆனால் அதற்குச் சரியான சான்று கிடையாது. அப்புறம், இங்கிலாந்துக்காரரிடம் போய் ‘புட் மீ அப்’ என்று சொன்னால், ராத்தங்க இடம் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்.

புது உதவியாளர்:
நன்றி ஐயா, நன்றி டீச்சர். பழைய கட்டு கிடைத்துவிட்டது, பதிவேட்டிலும் ஏற்றிவிட்டேன். இன்னொரு கோப்பில் ‘ப்ளீஸ் ஸ்பீக்’ என்று மட்டும் இருக்கிறது. யாரிடம் பேசுவது?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:
அவரிடமேதான். கோப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு அறைக்குப் போங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே போய்விடுங்கள், தம்பி.