வீட்டில் செய்த வால்வு ஆம்ப் உறுமுகிறது, எங்கே தேடுவது?

மார்த்தாண்டம்_ஆறுகம்பி:
வணக்கம். மூன்று மாதமாக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு சின்ன வால்வு (கண்ணாடிக் குழாய்) கிடார் ஆம்ப் முடித்திருக்கிறேன். 1950களின் ஃபெண்டர் சாம்ப் சர்க்யூட்தான்: சிக்னலைப் பெருக்க 12ஏஎக்ஸ்7 வால்வு ஒன்று, ஸ்பீக்கரை ஓட்ட 6வி6 ஒன்று, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையருக்கு 5ஒய்3. ஐந்து வாட் வரும், ஞாயிறு ஆராதனையில் கொயருக்கு அது தாராளம். பெட்டி அயனிப் பலகை. வேலை செய்த மேசையில் புகை போட்ட ரப்பர் ஷீட்டை விரித்துக்கொண்டேன், எங்கள் ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை. இப்போது ஆம்ப் முழுக்கப் புகைக்கூட்டு வாடை.

பவர் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் சுற்றியது: ஹைவோல்ட்டுக்கு 275-0-275, அப்புறம் ரெக்டிஃபையருக்கு 5 வோல்ட், மற்ற வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட். ஆன் செய்து வால்வு சூடேறியதும் ஒரே வீறல். ஸ்பீக்கர் சிக்னலில் கொஞ்சத்தை முன்னால் திருப்பி அனுப்பும் 22கே ரெசிஸ்டன்ஸை (ஃபீட்பேக்) கழற்றினால் வீறல் நிற்கிறது, ஆனால் உறுமல் அப்படியே இருக்கிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் போகவில்லை. "வாசல்ல லாரி வந்து நிக்குதா?" என்று அம்மா எட்டிப் பார்த்தார்கள்.

குழித்துறை_பழைய_மெக்கானிக்:
தம்பி, வீறலுக்குப் பயப்படாதே. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்பீக்கர் பக்க வயர் இரண்டையும் மாற்றிப் போடு. எர்த்தில் இருந்தது ஃபீட்பேக்குக்கு, ஃபீட்பேக்கில் இருந்தது எர்த்துக்கு. குறைக்க வேண்டிய ஃபீட்பேக் கூட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் ஒன்று. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கரண்ட்டைத் தேக்கி வைக்கும் கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். 10கே 5 வாட் ரெசிஸ்டன்ஸ் வழியாக எர்த்துக்கு இறக்கு, மீட்டர் வைத்துப் பார், பிறகு கை வை. கையில் மோதிரம் கிடந்தால் கழற்றிவிடு. ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யாதே, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பாலக்காடு_பேஸ்:
உறுமலுக்கு மீட்டர் எடுப்பதற்கு முன் கிடாரை எடுங்கள். தடித்த ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டைப் பிடித்து அடியுங்கள். அது ஜி, 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதோடு கிட்டத்தட்ட ஒட்டி, மெதுவாக அலையடித்தால் அது 100 ஹெர்ட்ஸ்: ரெக்டிஃபையருக்கு அப்புறம் வருவது, அதைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சரைப் பாருங்கள். அதற்கு ஒரு ஆக்டேவ் கீழே கேட்டால் 50, அதாவது நம்ம வீட்டு கரண்ட் நேராகப் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் ஹீட்டர் வயர்தான். நான் இதைக் கற்றுக்கொள்வதற்குள் நல்ல கண்டன்சர் நான்கைக் காசு கொடுத்து மாற்றிவிட்டேன்.

மார்த்தாண்டம்_ஆறுகம்பி:
அடித்துப் பார்த்தேன். ஆக்டேவ் கீழேதான்! பின்னாலே லேசாக அந்த ஜியும் இருக்கிற மாதிரி. ஆஃப் செய்து 12ஏஎக்ஸ்7-ஐப் பிடுங்கிவிட்டு, அது இல்லாமலே மறுபடி ஆன் செய்தால் உறுமல் முக்கால்வாசி போய்விட்டது. ஹீட்டர் வயரை முறுக்கித்தான் ஓட்டியிருக்கிறேன், 4-ம் 5-ம் காலைச் சேர்த்து ஒன்று, 9-க்கு ஒன்று.

குழித்துறை_பழைய_மெக்கானிக்:
முறுக்கினது சரி. 6.3 சுருளில் நடு டாப் (சுருளின் நடுவிலிருந்து எடுக்கிற வயர்) இருக்கிறதா, அது எர்த்தில் இருக்கிறதா?

மார்த்தாண்டம்_ஆறுகம்பி:
டாப்பே எடுக்கவில்லை அண்ணாச்சி. கடைக்காரரிடம் நான் கேட்கவும் இல்லை. இரண்டு வயரும் எர்த் தொடாமல் சும்மா போகின்றன.

குழித்துறை_பழைய_மெக்கானிக்:
அங்கேதான் கோளாறு. 100 ஓம் அரை வாட் இரண்டு வாங்கு. 6.3-ன் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒன்று எர்த்துக்கு. டாப் வேலையை அதுவே செய்யும். 5 வோல்ட் சுருளில் இந்த வித்தையைக் காட்டாதே, ஹைவோல்ட் அதிலேதான் ஏறி நிற்கிறது.

செங்கோட்டை_டயல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். தாத்தாவின் பழைய ரேடியோவில் யுசிஎல்82 வால்வு இருக்கிறது. அதிலேயே கிடாரைச் சொருகலாமா?

குழித்துறை_பழைய_மெக்கானிக்:
கூடாது. யு-வில் தொடங்கும் வால்வு போட்ட செட்டுகளில் ஹீட்டரெல்லாம் தொடராக நேரே மெயினில் இருக்கும். சேசிஸே கரண்ட்டில் கிடக்கலாம். கிடார் கம்பியைத் தொடுவதும் பிளக் ஓட்டையில் விரலை விடுவதும் ஒன்று. தாத்தா பிழைத்தது மரப்பெட்டியாலும் பிளாஸ்டிக் திருகாலும்.

மார்த்தாண்டம்_ஆறுகம்பி:
இரண்டு ரெசிஸ்டன்ஸ், மொத்தமே சில்லறைக் காசு. லாரி கிளம்பிவிட்டது! ஸ்பீக்கர் வயரை மாற்றியதும் வீறலும் இல்லை. இப்போது மிச்சம் அந்த ஜி மட்டும், காதை ஸ்பீக்கரில் வைத்தால்தான் கேட்கிறது. முதல் கண்டன்சர் 16 மைக்ரோஃபாரட். 100 போடட்டுமா?

குழித்துறை_பழைய_மெக்கானிக்:
போடாதே. ஆன் ஆகிற நேரத்தில் அது இழுக்கிற கரண்ட்டை 5ஒய்3 தாங்காது. முதலாவது 16 அப்படியே இருக்கட்டும், ரெசிஸ்டன்ஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இரண்டாவதை 8-லிருந்து 22 ஆக்கு. 450 வோல்ட் போட்டதாகப் பார்த்து வாங்கு.