மணற்கல் மேல் உருவான மலை மண்ணும் நம்ம பக்கத்துச் செவ்வலும்: நிலத்தில் கண்டவை (தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்க்காரர்கள் அவரவர் ஊர்ப் பெயரில் எழுதியவை)

பென்னாகரம்:
மலைச்சரிவில் நிலம் பார்க்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிடுகிறார்கள். சிவப்பு என்பது இரும்பு துருவேறிய நிறம், அடியில் என்ன கல் என்பதை அது சொல்லாது. பண்ருட்டிப் பக்கம் கடலூர் மணற்கல் மேல் கிடக்கும் மண்ணும் சிவப்பு, வத்தல்மலைச் சரிவில் இருப்பதும் சிவப்பு. அடியில் உள்ள கல் வேறு என்பதால் உரக்கணக்கு மாறிவிடும். மணற்கல் நிலத்துக்கு எழுதிய பரிந்துரையை இங்கே அப்படியே போட்டு ஏமாந்து போகிற நிலங்கள் நிறைய இருக்கின்றன. அவரவர் மண்ணில் கண்டதை அளவோடு எழுதுங்கள்.

தேன்கனிக்கோட்டை:
கல்லிலிருந்தே தொடங்கலாம். மணற்கல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமத்தின் மணல்தான். அந்த மணலை இரும்போ சுண்ணாம்போ சிலிக்காவோ ஒட்டிப் பிடித்திருக்கும். கல் சிதைந்தால் மணல் அப்படியே மணலாகவே நிற்கும். அதனால் மணற்கல் மேல் இருமண் (மணல், வண்டல், களி மூன்றும் கலந்த மண்) அமைய வேண்டுமானால் களியும் வண்டலும் வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்: ஒட்டுப்பொருளில் இருந்த களி, இடையிடையே ஓடும் களிப்பாறை அடுக்கு, மேட்டிலிருந்து இறங்கிய மண், மட்கிய இலை. அந்த மெல்லிய பங்கு போய்விட்டால் மிஞ்சுவது வெறும் மணல். மணற்கல் மலையில் மேல்மண் அரிப்பு இவ்வளவு நஷ்டம் தருவது இதனால்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைகளில் அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் என்ற கடினப் பாறைகள். இவற்றில் ஃபெல்ட்ஸ்பார், கருப்பு மைக்கா என்ற கனிமங்கள் உண்டு. ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து களியாகும், போகிற போக்கில் பொட்டாஷும் சுண்ணாம்பும் விடும்.

நிலத்திலேயே பிரித்துப் பார்க்க ஒரு வழி: குழியின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து நீரில் கழுவி, மிஞ்சும் பருமணலை உள்ளங்கையில் பரப்பி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மைக்கா இருந்தால் பொடிப்பொடியாக மின்னும். வெள்ளையாக இருக்கும் துகளை நகத்தால் அழுத்துங்கள். மாவாக நசுங்கினால் அது சிதைந்துகொண்டிருக்கும் ஃபெல்ட்ஸ்பார். ஒன்றும் நசுங்காமல் எல்லாம் கண்ணாடித் துண்டு போல் நின்றால் வெறும் குவார்ட்ஸ், அந்த மண்ணின் சத்துக் கையிருப்பு மிகக் குறைவு.

அரூர்:
பதம் பார்க்கும் முறையைச் சேர்க்கிறேன். கல் பொறுக்கிய மண்ணை ஈரப்படுத்திப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பட்டையாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ. வருவதற்குள் ஒடிந்தால் இருமண் அல்லது மணல் சார்ந்த இருமண். 2.5 முதல் 5 வரை போனால் களி இருமண். அதற்கும் மேல் நீண்டால் களி.

பாட்டில் சோதனையில் அவசரம் கூடாது. மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல், களி படிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். செவ்வலில் களித்துகள்களை இரும்பு ஒட்டிப் பிடித்து மணல் போலக் காட்டும். குலுக்கியது போதாவிட்டால் 'மணல் மண்' என்று தவறாக முடிவு வரும்.

அஞ்செட்டி:
எல்லாவற்றையும் விட ஆழம்தான் முக்கியம் என்பேன். சரிவில் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் கடப்பாரை போட்டுப் பாருங்கள். மேலே 30 செ.மீ.யில் 'ணங்'கென்று நிற்கும், அடிவாரத்தில் ஒரு மீட்டர் தாண்டியும் இறங்கும். ஒரே சர்வே எண்ணுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்.

நீர்க்கணக்கு இப்படி: மணல் கலந்த இருமண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 120 மி.மீ. நீரைப் பயிருக்குத் தரும். ஆழம் 45 செ.மீ. என்றால் 54 மி.மீ. அதில் 30 சதம் சரளை இருந்தால் 38 மி.மீ.தான் மிஞ்சும். கேழ்வரகு நாளுக்கு 5 மி.மீ. எடுத்தால் ஏழெட்டு நாளில் காலி, வாடல் அதற்கும் முன்பே தொடங்கிவிடும். மழை பத்து நாள் தள்ளிப்போகிற வருஷத்தில் மேட்டுப் பாத்தியில் சாமையோ கொள்ளோ நிற்கும், கேழ்வரகு நிற்காது. கேழ்வரகையும் துவரையையும் அடிவாரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

மாங்கன்று வைப்பவர்கள் ஒரு மீட்டர் குழி எடுத்ததும் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அடியில் விரிசல் இல்லாத பாறை. அந்தக் குழி மழைக்காலத்தில் தொட்டியாகி வேரை அழுகவைக்கும். விரிசல் விட்ட முரம்பாக இருந்தால் பயமில்லை, வேர் சந்துக்குள் இறங்கிவிடும்.

பாலக்கோடு:
அஞ்செட்டி அண்ணா சொன்ன கணக்கோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க. விதைத்த மறுநாள் அடித்து மழை பெய்து வெயில் காய்ந்தால் செவ்வல் மேலே பொறுக்கு கட்டும். மெல்லிய துகள் மழைத்துளியில் கலைந்து துளைகளை அடைத்துக்கொள்வதால் வருவது இது. கேழ்வரகு முளை அதைப் பிளக்காது. லேசான ஈரம் இருக்கும்போதே முள்கிளையை இழுத்து உடைக்க வேண்டும், நன்றாகக் காய்ந்த பிறகு இழுத்தால் முளையோடு பெயர்ந்து வரும்.

பென்னாகரம்:
உரத்துக்கு வருவோம். மணற்கல் மண் பொதுவாகப் புளிப்புப் பக்கம் சாயும், சத்தைப் பிடித்து வைக்கும் திறனும் குறைவு. தழைச்சத்தும் பொட்டாஷும் மழையோடு கீழே போய்விடும், மூன்று நான்கு தவணையாகப் பிரித்துப் போட்டால்தான் நிற்கும். பி.ஹெச். 5.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இட வேண்டும். அதைப் படித்துவிட்டு இங்கே சுண்ணாம்பு கொட்டாதீர்கள். நம் பக்கத்துச் செவ்வல் பல இடங்களில் நடுநிலையை ஒட்டியே இருக்கும், சில இடத்தில் அடியில் சுக்கான் கல்லும் (சுண்ணாம்புக் கட்டி) வரும். அங்கே சுண்ணாம்பு போட்டால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காமல் இளம் இலை வெளுக்கும்.

இரண்டு மண்ணுக்கும் பொதுவான குறை மணிச்சத்து. இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட்டைத் தூவாமல், ஹெக்டேருக்கு 750 கிலோ தொழு உரத்தோடு கலந்து ஒரு மாதம் மூடி வைத்து, விதைக்கிற சாலில் இடுங்கள்.

மண் மாதிரியை 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்து, நாலாகப் பிரித்துக் கழித்து அரைக் கிலோவாக்குங்கள். வரப்பு, மரநிழல், எருக்குழி ஓரம் வேண்டாம். மேட்டு மண்ணையும் அடிவாரத்து மண்ணையும் ஒரே பையில் போடாதீர்கள், அந்தச் சராசரி எந்தப் பாத்திக்கும் பொருந்தாது. பாப்பாரப்பட்டி, எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையங்களில் விசாரித்துக்கொள்ளலாம்.

சித்தேரி:
சரிவில் மண் அரிப்பைத் தடுக்கும் கல்வரப்பு பற்றி யாரும் எழுதவில்லையே. சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோட்டில், அடியில் ஒரு சாண் பள்ளம் பறித்துப் பெருங்கல்லைப் பதித்து, மேல் பக்கம் சிறுகல் அடைக்க வேண்டும். பள்ளம் பறிக்காமல் மேலாக அடுக்கினால் முதல் பெருமழையில் தண்ணீர் அடியில் புகுந்து அரித்து வரப்பையே தூக்கிவிடும். மண் பூசி அடைக்கவும் கூடாது. தண்ணீர் கசிந்து போக வேண்டும், வண்டல் மட்டும் தங்க வேண்டும். வரப்பின் மேல் பக்கத்தில் இப்படித் தங்கிய மண்ணில்தான் அவரையையும் துவரையையும் ஊன்றுகிறார்கள்.