நண்பர்கள் சேர்ந்து புஞ்சை நிலம் வாங்கிச் சிறு வீடுகள் கட்டிக்கொள்வது எப்படி?

கேள்வி:
வணக்கம். நாங்கள் கல்லூரிக் காலம் முதல் பழகிவரும் ஆறு குடும்பத்தினர். சென்னையில் மனை வாங்க எவருக்கும் வசதி இல்லாததால், திண்டுக்கல் மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் புஞ்சையைக் கூட்டாக வாங்கி, ஆளுக்கு ஐந்நூறு சதுர அடிக்குள் ஒரு வீடும், அனைவருக்கும் பொதுவான கிணறும் சமையற்கூடமும் அமைத்துக்கொள்ள எண்ணுகிறோம். ஒரே பத்திரத்தில் ஆறு பேர் பெயரிலும் வாங்குவதா, தனித்தனி மனைகளாகப் பிரித்து வாங்குவதா என்பதில் எங்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
விவசாய நிலத்தை ஒப்புதலின்றி மனைகளாகப் பிரித்து எழுதினால், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி சார்பதிவாளர் பதிய மறுப்பார். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு இதில் கண்டிப்பு கூடியிருக்கிறது. மனைப்பிரிவு வேண்டுமென்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற வேண்டும். சாலைக்கும் நிலம் விட வேண்டியிருக்கும். ஒரே பத்திரமாக வாங்கினால் கூட்டுப் பட்டா கிடைக்கும், ஆனால் இன்னாருக்கு இந்த இடம் என்று பிரிக்கப்படாத பங்கின் மேல் வீட்டுக்கடன் தர வங்கிகள் பெரும்பாலும் தயங்கும். எவ்வழியாயினும் வீடு கட்ட அனுமதி தனியாக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மறுமொழி 2:
பத்திரத்தைவிட உங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. கூட்டு உரிமையாளர் எவரும் பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் செல்லலாம். பிரிக்க இயலாத சொத்தாயின், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ் அதை விற்கவும் உத்தரவிடப்படலாம். எனவே ஒருவர் விலக நேர்ந்தாலோ இறந்தாலோ அவருடைய பங்கை முதலில் மற்றவர்களுக்கே தர வேண்டும் என்பதையும், விலையை யார், எப்படி மதிப்பிடுவது, பணத்தை எத்தனை தவணையில் கொடுப்பது என்பதையும், முன்பணம் கொடுக்கும் முன்பே, குடும்பத்தார் அனைவரும் இருக்கும்போது பேசி எழுதிவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும் காலத்தில்தான் இதை மனம் நோகாமல் பேச முடியும்.

மறுமொழி 3:
நிலத்தின் விலை குறைவாகத் தெரிந்தால், ஏன் என்று முதலில் விசாரியுங்கள். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அரசு அளவைப் படமான புலப்படத்தில் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். அண்டை நிலத்துக்காரர் வாய்மொழியாக விடும் வண்டித்தடத்தை நம்ப வேண்டாம். கிராமத்தின் நில விவரங்கள் அடங்கிய வருவாய்த் துறைப் பதிவேடான ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள்: பட்டியல் சாதி மக்களுக்கென ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலமாக இருந்தால் பிறர் வாங்குவது செல்லாது, வாங்குவது அறமும் ஆகாது. நீர் நிலைமையைச் சித்திரை, வைகாசியில் சென்று அக்கம்பக்கத்துக் கிணறுகளில் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.