பொருள்முதல்வாதம் பற்றிக் கொஞ்சம் உதவி வேணும்

வணக்கம். வெள்ளவத்தையில நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்துற வாசிப்பு வட்டத்தில, வாற போயா (பௌர்ணமி) அண்டைக்கு நான்தான் பேசவேணும். தலைப்பு பொருள்முதல்வாதிகள், அதாவது எல்லாத்துக்கும் அடிப்படை சடப்பொருள்தான் எண்டு சொல்லுற ஆக்கள். வாய் குடுத்து மாட்டினன்.

அணுவும் வெற்றிடமும் தவிர வேற ஒண்டுமில்லை எண்ட பழைய கிரேக்கத் தத்துவஞானி டெமோகிரிட்டசில தொடங்கலாம். அணுக்கள் சிலவேளை பாதை விலகும் எண்டு, பிறகு வந்த கிரேக்க அணுவாதி எபிகூரஸின்ர வழியில, ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ் விளக்கிறார். இந்த 'விலகலுக்கு' நல்ல தமிழ்ச்சொல் யாராவது பாவிச்சிருக்கிறீங்களா? மார்க்ஸ் 1841இல குடுத்த கலாநிதிப் பட்ட ஆய்வும் டெமோகிரிட்டஸ், எபிகூரஸ் இரண்டு பேரின்ர வித்தியாசத்தைப் பற்றித்தான். பிரெஞ்சுப் பொருள்முதல்வாதி ஹோல்பாக்கை ('இயற்கையின் அமைப்பு' நூல், 1770) ஒரு வரியில முடிச்சிடுவன்.

உண்மையில எனக்கு ஆசை மணிமேகலையில. சமயக்கணக்கர் காதையில வாற பூதவாதி (நிலம், நீர் மாதிரியான பூதங்கள்தான் எல்லாம் எண்டுறவன்), தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் சேரக் கள்ளில வெறி பிறக்கிற மாதிரி, பூதங்கள் கூட உணர்வு பிறக்கும் எண்டுறான். என்ன அழகான உவமை! காட்சி, அதாவது நேரில அறியிறது மட்டுந்தான் பிரமாணம் (அறிவுக்கு ஆதாரம்) எண்டு அவன் சொல்ல, அப்ப உன்ர தாய் தகப்பனை எப்பிடி அறிஞ்சனீ எண்டு மணிமேகலை மடக்கிறாள். அதுக்குப் பூதவாதி தரப்பில என்ன பதில் சொல்லலாம்? சபையில கட்டாயம் கேப்பினம்.

சமணக் காப்பியமான நீலகேசியின்ர பூதவாதச் சருக்கத்துக்கு விளங்கக்கூடிய உரை கொழும்பில ஆரிட்டயாவது இருந்தா இரவல் தாங்கோ. ரெண்டு நாளில திருப்பித் தருவன். தத்துவம் படிப்பிச்ச ஆசிரியர்மார் இருந்தா கட்டாயம் எழுதுங்கோ, பிழை இருந்தாலும் திருத்துங்கோ.